கைக்கு ஈடு

எங்கள் வீட்டில் 'ஈடு' என்ற சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. அம்மாவின் தோடு வருஷத்தில் எட்டு மாதம் கொடைக்கானல் பஜாரில் ஒரு கடையின் இரும்புப் பெட்டிக்குள் ஈடாகக் கிடக்கும். பொங்கலுக்கு முன்னால் திருப்புவோம். பள்ளிக்கூடம் திறக்கும்போது மறுபடியும் கொண்டுபோய் வைப்போம். ஈடு வைத்த பொருள் திரும்பி வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதனால், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "மச்சான் கைக்கு ஈடு வாங்காம விட மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அப்பாவின் இடது கை எங்கேயோ ஈடாக இருக்கிறது, மாமா எப்படியும் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஏரிக்கரையில் டூரிஸ்ட்டுகளை ஏற்றும் ஜீப் ஓட்டினார். வாய் ஓட்டத்துக்கு முன்னால் அவருடைய ஜீப் நிற்காது. அவர் சொன்னால் பாதி நடக்கும், பாதி நடக்காது. எந்தப் பாதி எது என்பது அவருக்கே தெரியாது.

அப்பா அப்படி இல்லை. அவர் வெள்ளகவிக்காரர். மலைக்குக் கீழே, இன்றைக்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் போக வேண்டிய ஊர் அது. அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊர் முழுவதும் சாமி இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாது, ஆகவே எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அப்பா பிழைப்புக்காக மேலே ஏறி வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. மளிகைக் கடைக்குள் போகும்போதுகூடச் செருப்பைக் கழற்றிவிடுவார். அம்மாவுக்கு அதில் வெட்கம். இரண்டு ஜோடி அப்படித்தான் தொலைந்தது.

மலைச்சரிவில் யாரோ காட்டேஜ் கட்டினார்கள். மண் வெட்டப் பொக்லைன் மெஷின் வந்தது. அப்பாவுக்குத் தடுப்புச் சுவருக்குக் கல் அடுக்கும் வேலை. மாசி மாதம் ஒரு மதியம், பொக்லைன் தூக்கி வந்த பாறையை இறக்கும்போது அது நழுவியது. அப்பா இடது கையை எடுப்பதற்குள் பாறை உட்கார்ந்துவிட்டது. மதுரை பெரியாஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. இருபது நாள் கழித்துத் திரும்பி வந்த அப்பாவைத்தான் பார்த்தேன். துண்டால் கையை மூடியிருந்தார். 'கை எங்கே' என்று கேட்கத் தோன்றியது, ஆனால் வீட்டில் யாருமே அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதனால் நானும் கேட்கவில்லை.

மாமா திண்டுக்கல்லில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தார். ஒல்லியான, மூக்குக்கண்ணாடி போட்ட, எதையும் இரண்டு தடவை சொல்லாத பெண். அவர் வழக்குப் போட்டதும் காட்டேஜ் முதலாளியின் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அதை அவர் எங்களுக்கு விளக்கியபோது நான் அம்மா மடியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மலையில் பொக்லைன் இறக்க அரசாங்க அனுமதி வேண்டுமாம். முதலாளி அனுமதி வாங்கவில்லையாம். ஆகவே அங்கே பொக்லைனே வரவில்லையாம். வராத மெஷினால் யாருடைய கையும் போக முடியாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. அப்படியானால் கை போகவே இல்லை, எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்பதுதானே அர்த்தம்.

மாமாவின் செல்போனில் பொக்லைன் படம் இருந்தது. மெஷின் முன்னால் மாமா கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு போஸ் கொடுக்கும் படம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய பவுசு உபயோகப்பட்டது. முதலாளி தரப்பு வாதத்தை மாற்றிக்கொண்டது. சரி, மெஷின் வந்தது, ஆனால் இந்த ஆள் எங்களிடம் வேலை பார்த்ததே இல்லை என்றார்கள்.

கூட வேலை பார்த்தவர்கள் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. அவர்களுக்கு மறுநாளும் முதலாளிக்காகக் கூலிக்கு ஆள் எடுக்கிற அதே மேஸ்திரியிடம்தான் சோலி. மிஞ்சியது மேஸ்திரியின் கூலி நோட்டு ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் கூலி வாங்குகிறவர்கள் அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். வக்கீலம்மா மனுப் போட்டு அந்த நோட்டை வழக்கு நடக்கிற ஆபீசில் கொண்டுவந்து வைக்கச் செய்தார். ஆனால் அப்பாவின் பெயர் அதில் எங்கும் இல்லை. மேஸ்திரி ஆட்களை ஊர்ப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், அப்படியேதான் எழுதியும் வைத்திருந்தார். மன்னவனூர், பூம்பாறை, பெரும்பாறை. வாராவாரம் 'வெள்ளகவி' என்று ஒரு வரி இருந்தது, பக்கத்தில் ஓர் இடது பெருவிரல் கைநாட்டு. வெள்ளகவியில் எத்தனையோ பேர், அது யாரோ ஒருவர், இவர் இல்லை என்றது முதலாளி தரப்பு. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், ஒப்பிட வேண்டிய பெருவிரல் அப்பாவிடம் இல்லை.

"கை போறதுக்கு முன்னாடி எதுலயாச்சும் இந்த விரலை வச்சிருக்காரா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

ரேஷன் கார்டு ஊரில் பெரியப்பா பெயரில் கிடந்தது. பாங்குப் பக்கம் அப்பா போனதில்லை. எல்லோரும் யோசித்தார்கள். அம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"இவ ரேங்க் கார்டுல வைப்பாரேங்க."

நான் அம்மாவின் முந்தானையை இழுத்தேன்.

ரேங்க் கார்டில் அப்பா கைநாட்டு வைப்பது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. ஸ்டாம்ப் பேட் எல்லாம் கிடையாது. பேனா ரீஃபிலை ஊதி, மையை அப்பாவின் பெருவிரலில் தேய்ப்பது என் வேலை. அந்த விரல் அடுப்பங்கரைக் கல் மாதிரி சொரசொரவென்று இருக்கும். குறுக்கே ஓர் அரிவாள் தழும்பு. அதனால் கைநாட்டின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு விழும். வைப்பதற்கு முன் அப்பா கார்டை உயர்த்திப் பிடித்துப் பார்ப்பார். படிக்கத் தெரியாது, ஆனால் நிறம் தெரியும். "செவப்பு இருக்கா?" என்று கேட்பார். பெயிலான பாடத்துக்கு டீச்சர் சிவப்பு மையில் கோடு போடுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இல்லை என்றதும் ஏதோ அவரே பாஸான மாதிரி விரலை அழுத்தி வைப்பார்.

காலாண்டுப் பரீட்சையில் சிவப்பு இல்லை. அரையாண்டில் கணக்கில் இருந்தது. அப்பா அடிக்கிறவர் இல்லை. அடிக்கிறவராக இருந்தால் கார்டைக் காட்டியிருப்பேன். கார்டை உயர்த்திப் பிடித்து அந்தச் சிவப்பைப் பார்க்கும் அவர் முகத்தைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மா லாட்ஜில் துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில் ரீஃபிலை ஊதி, என் பெருவிரலில் தேய்த்து, பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் வைத்துவிட்டேன். டீச்சர் உற்றுப் பார்க்கவில்லை. தேதி போட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் அப்பாவின் கை போனது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் ரொம்ப நாள் நம்பினேன்.

மாமா டீச்சரிடம் பேசிக் கார்டை வாங்கி வந்தார். வக்கீலம்மாவின் மேஜையில் அதை விரித்து வைத்தார்கள். கார்டில் இரண்டே கைநாட்டு. மேலே அப்பாவுடையது, கீழே என்னுடையது. அப்பா குனிந்து பார்த்தார். வலது பெருவிரலால் மேலே இருந்ததைத் தடவினார். பிறகு கீழே இருந்ததைத் தடவினார். அங்கே வெள்ளைக் கோடு இல்லை, விரலும் சின்னது. என் காது இரண்டும் சுட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "இருக்கட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். சொன்னால் கார்டு கள்ளக் கார்டாகிவிடும், அப்பாவின் கை திரும்பி வராது. சொல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்போதும் கை திரும்பி வராது. எந்தப் பக்கம் போனாலும் கை என்னால்தான் வராது. சோறு இறங்கவில்லை. அம்மா எனக்குக் குளிர்க்காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

ரேகை பார்க்கிறவர்களுக்குக் கார்டையும் நோட்டையும் அனுப்பி, பதில் வர மாதங்கள் ஆயின. விசாரணை நாளன்று வெள்ளனே எழுந்து மாமாவின் ஜீப்பில் திண்டுக்கல் போனோம். கார்டு என்னுடையது என்று சொல்வதற்காக என்னையும் கூட்டிப் போனார்கள். கோர்ட் என்றால் கூண்டு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அது தொழிலாளர் ஆபீஸ். மேஜை, பீரோ, மேலே ஃபேன், ஒரு நடுவயது அதிகாரி. அவ்வளவுதான். வராந்தாவில் வக்கீலம்மா கையில் காகிதத்தோடு நின்றிருந்தார். அவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததில்லை.

"காலாண்டு ரேகை நோட்டோட ஒத்துப்போகுது. அரையாண்டு ரேகை வேற ஆளோடதுன்னு வந்திருக்கு. ரெண்டுல எது அப்பாவோடதுன்னு கேப்பாங்களே. எங்கிட்ட ஏன் சொல்லல? யாரு வச்சது?"

அம்மா திருதிருவென்று விழித்தார். மாமா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாதான் பேசினார்.

"உள்ளார சொல்லிக்கிறேங்க."

செருப்பை வராந்தாவில் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

முதலாளியும் வந்து உட்கார்ந்திருந்தார். முதலில் மேஸ்திரியைக் கேட்டார்கள். கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சொல்லிவிட்டு, இந்த ஆளை நான் கண்ணால் பார்த்ததே இல்லை என்றார். நோட்டில் உள்ள வெள்ளகவி வேறு ஆள், அவன் ஊரைவிட்டே போய்விட்டான் என்றார். சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். அடுத்தது அப்பா. அவரும் கடவுள் அறிய என்று சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் ரேங்க் கார்டை உயர்த்திப் பிடித்தார். அப்பா சிவப்பு பார்க்கப் பிடிக்கிற அதே மாதிரி.

"பெற்றோர் கையொப்பம்னு இருக்கு. ரெண்டு கைநாட்டு, ரெண்டு ஆளு. அந்தப் பொண்ணுக்கு எத்தனை அப்பா?"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறையில் ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ரெண்டாவது எம்மக வச்சதுங்க," என்றார் அப்பா. "நாந்தான் வைக்கச் சொன்னேன். அந்த வாரம் பூரா சைட்டுலயே தங்கிட்டேங்க. வீட்டுக்கு வரல."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அப்பா சொல்லவில்லை. அப்பா எந்த வாரமும் எங்கேயும் தங்கியதில்லை. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்துக் கால் கழுவுகிற அப்பாவை எனக்குத் தெரியும். அது பொய். அப்பாவின் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய்.

அதிகாரி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கனிவாகத்தான் கேட்டார்.

"பாப்பா, நீதான் வச்சியா? யாரு வைக்கச் சொன்னது?"

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் வெறுங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றேன்.

அப்போதுதான் சுவரோரம் நாற்காலி கிரீச்சிட்டது. மேஸ்திரி எழுந்துவிட்டார். அவர் கோபத்துக்குக் காரணம் எங்கள் வழக்கே இல்லை என்று பின்னால் மாமா விளக்கினார். சைட்டில் சிமெண்டு மூட்டை குறைகிறது என்று முதலாளிக்கு மேஸ்திரி மேல் ஏற்கெனவே சந்தேகமாம். ராத்திரி ஆள் தங்கியது என்ற பேச்சு அந்த முதலாளி காதில் விழுந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"பொய்யிங்கய்யா. எஞ்சைட்டுல ஒரு ஆளைத் தங்க விட்டதில்ல. தங்கவிட்டா மூட்டை தானா நடந்து போயிரும். வெள்ளகவி தெனமும் அஞ்சு மணிக்குச் சோலிய முடிச்சுட்டு வெரசாக் கெளம்பிருவான். ஒரு நா தங்குனதில்ல."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "யாரு கெளம்பிருவான்?"

"இந்தா நிக்கிறானே, இவந்தாங்க," என்று அப்பாவைக் கை நீட்டிக் காட்டினார் மேஸ்திரி.

முதலாளியின் வக்கீல் கார்டை மெதுவாக மேஜைமேல் வைத்தார். தான் என்ன சொன்னோம் என்று மேஸ்திரிக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. எனக்குப் புரிய அதைவிட ரொம்ப நேரம் ஆயிற்று. பொய் சொன்னது அப்பா, அதைப் பொய் என்று சொன்னது மேஸ்திரி, ஆனால் எல்லோரும் மேஸ்திரியைத்தான் முறைத்தார்கள்.

திரும்பி வரும்போது மாமா ஜீப்பை ஓட்டவில்லை, பறக்கவிட்டார். மச்சானுக்கு என்ன மூளை, தூண்டில் போட்டு மேஸ்திரியைத் தூக்கிட்டாரே என்று மலை ரோடு முழுக்க இதே பேச்சு. அப்புறம் பஜாரில் டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதையில் அப்பா பெரிய வக்கீலாகிக்கொண்டே போனார். அப்பா மட்டும் அதைக் கேட்கும் இடத்திலெல்லாம் எழுந்து போய்விடுவார். ஜெயித்தவர் ஏன் இப்படித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அம்மா அழுதார், தோட்டைத் திருப்பினார். நான் வாசலிலேயே நின்றேன். மாமா வந்ததும், கை எப்போது வரும் என்று கேட்டேன். அவர் ரப்பர் கையைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, "அதுவும் வாங்கிருவோம்" என்றார். சொன்னது மாமா என்பதால் பாதிதான் நம்பினேன்.

அடுத்த வாரம் அப்பா என்னை மட்டும் வெள்ளகவிக்குக் கூட்டிப் போனார். வட்டக்கானலிலிருந்து இறங்கினோம். வேர்ப் படிகளில் ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டார், தோளில் பை. ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றினோம். வழக்கமாக அங்கே கழற்றியதும் விறுவிறுவென்று உள்ளே போய்விடுவார். அன்றைக்கு எல்லைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். யாராவது வா என்று சொல்ல வேண்டும்போல நின்றார். அப்புறம் உள்ளே போய், முதல் கோயில் வாசலில் பையைத் திறந்தார். இரண்டு தேங்காய்.

முதல் தேங்காயை அவரே கல்லில் உடைத்தார். இரண்டாவதை என் கையில் கொடுத்து உடைக்கச் சொன்னார். மூன்றாவது தடவையில்தான் உடைந்தது.

"எதுக்குப்பா ரெண்டு?"

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. அன்னைக்குச் சாமி அறியப் பொய் சொன்னோமில்ல, அதுக்கு ஈடு."

எனக்குத் தெரிந்த சொல் வந்துவிட்ட சந்தோஷத்தில், "எப்பப்பா திருப்புவோம்?" என்று கேட்டேன்.

அப்பா என்னையே பார்த்தார். நான் இத்தனை நாளும் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும்.

"திருப்புற ஈடு இல்ல தாயி இது. குடுத்தாக் குடுத்ததுதான். கையும் அப்படித்தான். வராது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோயில் வாசலில் உட்கார்ந்து, தேங்காய்த் தண்ணீர் கால் பக்கம் ஓட, ஏங்கி ஏங்கி அழுதேன். ஒரு வருஷமாக எல்லோரும் அழுது முடித்துவிட்ட ஒன்றுக்கு நான் அன்றைக்குத்தான் அழ ஆரம்பித்தேன். அப்பா தடுக்கவில்லை. முழங்கையால் என் தலையை அணைத்துக்கொண்டார்.

திரும்பி ஏறும் வழியில் ஓடைப் பக்கம் மூச்சு வாங்க நின்றபோது, என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துச் சொன்னார்.

"இனிமே செவப்பு இருந்தாலும் எங்கிட்டயே கொண்டா. வலது கையில வச்சுத் தாரேன்."

நான் தலையாட்டினேன். கைநாட்டு என்றால் அம்மாமார் வலது கையில், அப்பாமார் இடது கையில்தான் வைக்க வேண்டும் என்று டீச்சர் வகுப்பில் சொல்லியிருந்தார். வலது கைநாட்டை டீச்சர் ஒத்துக்கொள்வாரா மாட்டாரா என்பதுதான் வட்டக்கானல் வந்து சேரும்வரை எனக்கு ஒரே கவலையாக இருந்தது.